பதினைந்து பேருக்கான படகு

சனிக்கிழமை காலை. உட்லண்ட்ஸில் பதினோராவது மாடி வீடு. சாப்பாட்டு மேசையில் ஆறிப்போன தோசை ஒரு பக்கம், கைப்பேசி ஒரு பக்கம், நடுவில் ஒரு தாள். அந்தத் தாளில் பதினாறு பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, எந்தப் பெயரை அடிக்கலாம் என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் சுந்தரேசன். படகில் பதினைந்து பேருக்குத்தான் இடம்.

மகள் ரோஷினிக்கு இருபத்தொரு வயது நிறைகிறது. சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் இருபத்தொன்றாம் பிறந்தநாள் என்பது ஒரு சின்னக் கல்யாணம். மண்டபம் பிடிப்பார்கள், இனி வீட்டுச் சாவி உன் கையிலும் என்பதுபோல் சாவி வடிவத்தில் கேக் வெட்டுவார்கள், தூரத்துச் சொந்தத்தையெல்லாம் தேடிப் பிடித்து அழைப்பார்கள். ரோஷினிக்கு மண்டபத்தில் விருப்பமில்லை. அவளுடைய தோழி ஒருத்தி விடுமுறைக்குக் கரீபியன் தீவுகளுக்குப் போனவள், அங்கே தனியாக ஒரு படகை எடுத்துக்கொண்டு நடுக்கடலில் ஆடிப் பாடிய காணொளியை அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து இவளுக்கும் படகு ஆசை.

"கரீபியன் எல்லாம் வேணாம்ப்பா. இங்கயே ஒரு யாட் புக் பண்ணலாம் லா. லாசரஸ் ஐலண்ட் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம். சிம்பிள்."

ஒரே பெண். சுந்தரேசன் மறுக்கவில்லை. படகு நிறுவனத்துக்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினார். அகமது கபீர் என்பவர் உடனே பதில் போட்டார். ஞாயிறு மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை படகு உங்களுக்கு. பாட்டுப் பெட்டி உண்டு, சாப்பாடு நீங்களே கொண்டுவரலாம். குழந்தையானாலும் ஒரு தலைதான், பதினைந்துக்கு மேல் ஏற்ற முடியாது, பெயர்களை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

சுந்தரேசன், மனைவி லீலா, ரோஷினி. ரோஷினியின் தோழமைகள் எட்டுப் பேர். சுந்தரேசனின் தங்கையும் அவள் கணவரும். லீலாவின் தம்பி அழகேசன். ஆகப் பதினான்கு. இதுவரை ஒரு சிக்கலும் இல்லை. முந்தின நாள் அலுவலகத்தில் மேலாளர் ராஜீவ், "என்ன சுந்தர், யாட் பார்ட்டியாமே, எங்களைக் கூப்பிட மாட்டீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டு வைத்தார். கேட்டவர் மறந்திருப்பார். சுந்தரேசனால் மறக்க முடியவில்லை. கிடங்கு மேற்பார்வையாளராக ஒன்பது வருடம் ஓட்டியாயிற்று, மேலாளர் தன் வீட்டு விசேஷத்துக்கு வருவது லேசான காரியமா? ராஜீவையும் அவர் மனைவி அனிதாவையும் எழுதினார். பதினாறு ஆகிவிட்டது.

பேனா கொஞ்ச நேரம் தங்கை புருஷன் பெயர்மேல் நின்றது. அந்த மனுஷன் எந்த விருந்துக்குப் போனாலும் குறை சொல்லாமல் திரும்பமாட்டார். ஆனால் அவரை அடித்தால் தங்கை வருஷக்கணக்கில் பேசமாட்டாள். பிறகு பேனா கீழே இறங்கி அழகேசன் பெயரில் நின்றது.

அழகேசன் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எட்டு வருடமாகத் துவாஸ் கப்பல் பட்டறையில் பெயிண்டர். வேலை பெர்மிட்டில் வந்தவன், விடுதியில் பன்னிரண்டு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். இரண்டு ஞாயிற்றுக்கு ஒருமுறை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவான். அவனே கழுவி, அவனே நறுக்கி, அக்காவுக்கு ஒரு வேலையும் வைக்காமல் குழம்பு வைத்துவிட்டுப் போவான். நல்லவன்தான், ஆனால் மறைக்கத் தெரியாதவன். யார் என்ன கேட்டாலும் உள்ளதைச் சத்தமாகச் சொல்வான். ராஜீவ் சார், 'நீங்க என்ன பண்றீங்க?' என்று கேட்டால், 'கப்பலுக்கு அடியில தொங்கிக்கிட்டு பெயிண்ட் அடிக்கிறேன் சார்' என்பான். அதை நினைக்கும்போதே சுந்தரேசனுக்குக் காது சுட்டது.

லீலாவிடம் என்ன சொல்வது? அவர்கள் வீட்டு வழக்கத்தில் பெண்ணின் எந்த விசேஷமானாலும் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். ரோஷினிக்கு ஒரே மாமன். லீலாவுக்கு இந்த ஊரில் ரத்த சொந்தம் என்று இருப்பதும் அவன் ஒருவன்தான். இடம் போதவில்லை என்று சொன்னால், 'உங்க மேனேஜரை எடுங்க' என்பாள்.

மனிதனுக்குப் பொய் தேவைப்படும்போது அது எங்கிருந்துதான் வருமோ, நன்றாக உடுத்திக்கொண்டு வந்து நிற்கும். சுந்தரேசனுக்கும் வந்தது.

மறுநாள் ஞாயிறு. படகுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அழகேசன் சமையலறையில் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தான். சுந்தரேசன் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள, ஒரு விஷயம். படகு கம்பெனியில கேட்டேன். வொர்க் பெர்மிட்ல இருக்கவங்களை ஏத்தக் கூடாதாம். ரூல்ஸாம். எனக்கே ரொம்ப சங்கடமா போச்சு."

லீலா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அப்படி ஒரு ரூல்ஸா? ஏன்?"

"கடல்ல போறதுல்ல. பாதுகாப்பு. நம்ம என்ன பண்ண முடியும்?"

லீலா நம்பிவிட்டாள். இருபத்து மூன்று வருடமாக அவள் கண்ட ஊர் இது, எதற்குத்தான் இங்கே விதி இல்லை? அழகேசன் அவளைவிடச் சுலபமாக நம்பினான். தொற்றுக் காலத்தில் மாதக்கணக்கில் விடுதிக்குள் அடைந்து கிடந்தவன். முடி வெட்டிக்கொள்ளப் போவதற்கும் அனுமதி கேட்டுக் காத்திருந்தவன். அவனுக்கு இது புதுசாகப் படவில்லை.

"அதுக்கென்ன அத்தான், சட்டம்னா சட்டம்தானே. நல்ல வேளை நீங்க முன்னாடியே கேட்டு வச்சீங்க. தெரியாம ஏறி, பெர்மிட்டைப் புடுங்கிட்டானுங்கன்னா என் பொழப்பு என்ன ஆவறது? ரொம்ப தேங்க்ஸ் அத்தான்."

நன்றி சொன்னான். அந்த நன்றியையும் சுந்தரேசன் வாங்கிக்கொண்டார். கூடத்தில் கேக் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ரோஷினி தலையைத் தூக்கி, "ரியலி ஆ? ஸோ சேட் லா மாமா" என்றாள். மறுபடி கேக்குக்குப் போய்விட்டாள். கைப்பேசி கையிலேயே இருந்தது, ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை.

கிளம்பும்போது அழகேசன் அக்காவிடம் சொன்னான்: "படகுல ஏறாட்டி என்னக்கா. அன்னிக்கு ஓவர்டைம் வேணாம்னுட்டு வந்துடறேன். கரையில வச்சு புள்ளைக்கு மாலையைப் போட்டுட்டுப் போயிடறேன்."

லீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுந்தரேசனுக்கு வேறு கவலை. ராஜீவ் சார் வருவதற்குள் இந்த மாலை வேலை முடிந்துவிட வேண்டுமே!

"ரெண்டு மணிக்குப் படகு. நீ ஒன்றரைக்கே வந்துடு மாப்ள" என்றார்.

அந்த ஞாயிறும் வந்தது. செந்தோசாவை ஒட்டிய படகுத்துறையில் வெள்ளை வெள்ளையாகப் படகுகள் நின்றன. ரோஷினியின் தோழிகள் படம் எடுத்துத் தீரவில்லை. தங்கை புருஷன் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். லிட்டில் இந்தியாவிலிருந்து வந்த பிரியாணிப் பெட்டிகள் தரையில் அடுக்கியிருந்தன.

ஒன்றே கால் மணிக்கே அழகேசன் வந்துவிட்டான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி. கையில் பெரிய காகிதப் பை. காலையிலேயே கேம்பல் லேன் பூக்கடைக்குப் போய், சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டச் சொல்லி, பக்கத்திலேயே நின்று வாங்கி வந்த மாலை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்து, மருமகளுக்கு மாலையைப் போட்டான். ரோஷினி காலில் விழுந்தாள். "நல்லா இரும்மா. பெரிய ஆளா வருவே" என்றான். வேறு பேச்சு அவனுக்கு வரவில்லை.

அதே நேரத்தில் சுந்தரேசனின் கைப்பேசி ஒலித்தது. ராஜீவின் செய்தி. குழந்தைக்குக் காய்ச்சலாம், இருவருமே வர முடியவில்லையாம், என்ஜாய் பண்ணுங்களாம். இதற்காகவா என்று இருந்தது சுந்தரேசனுக்கு. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

படகுக்காரர் கபீர் பட்டியலோடு வந்தார். நாற்பது வயதிருக்கும், கடல் வெயிலில் கறுத்த முகம். தலைகளை எண்ணினார்.

"அண்ணே, பதிமூணு பேருதான் இருக்காங்க. ராஜீவ், அனிதான்னு ரெண்டு பேரு?"

"அவங்க வரல."

"அப்ப ரெண்டு எடம் காலிதான். மாலை போட்ட மாமா ஏறலையா? லிஸ்ட்ல பேரு இல்லாட்டி பரவால்ல, நான் இப்பவே போட்டுக்கறேன்."

அழகேசன் அவசரமாகக் கையை ஆட்டினான். "இல்ல பாய், நான் வொர்க் பெர்மிட்டு. ஏறக் கூடாது. ரூல்ஸ் இருக்கு."

கபீர் சிரித்துவிட்டார். "யாரு சொன்னா? போன மாசம் ஒரு கம்பெனி பசங்க, அவ்வளவு பேரும் வொர்க் பெர்மிட்டு, இதே படகுலதான் போனாங்க. எங்களுக்குத் தலை எண்ணிக்கைதான் லா. பெர்மிட்டா, பாஸான்னு யாரு பாக்குறா?"

லீலா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அழகேசனும் பார்த்தான். அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். 'தப்பு பண்ணிட்டேன், ஏறு மாப்ள' என்று இரண்டு வார்த்தை. தங்கை இருக்கிறாள், அவள் புருஷன் இருக்கிறார், மகளின் தோழிகள் இருக்கிறார்கள். சுந்தரேசனின் நாக்கு இன்னொரு பொய்யைத்தான் எடுத்தது.

"உங்க... உங்க ஆபீஸ்லதானே அப்படிச் சொன்னாங்க?"

"ஆபீஸ்ல வேற யாரும் இல்லண்ணே. புக்கிங் எடுத்தது நான்தான்." கபீருக்கு உண்மையிலேயே குழப்பம். "நீங்க இதைக் கேக்கவே இல்லையே?"

அழகேசனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் காது மடல் சிவந்தது, பிறகு தலை குனிந்தது. திருடியவன் நிமிர்ந்து நிற்க, பறிகொடுத்தவன் தலைகுனிந்தான். எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

"மாமா, வாங்க மாமா! எடம் இருக்குல்ல, ப்ளீஸ்!" ரோஷினி அவன் கையைப் பிடித்தாள்.

"இல்லம்மா." கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். "அத்தான் சரியாத்தான் விசாரிச்சிருப்பாரு. நான்தான் ஏதோ மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன். எனக்கு ஓவர்டைமும் இருக்கு. நீங்க நல்லபடியாப் போய்ட்டு வாங்க."

ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன். லீலாவுக்கு அது தெரியும். காலிப் பையை மடித்து வைத்துக்கொண்டு அழகேசன் பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்தான். அந்த நேரத்திலும் அத்தானைக் காட்டிக் கொடுக்கவில்லை.

படகு கிளம்பியது. பாட்டுப் பெட்டி பாடியது. லீலா பின்பக்கத்தில் கரையைப் பார்த்து உட்கார்ந்தவள், ஆறு மணி வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ரோஷினி கழுத்து மாலையைக் கழற்றவில்லை, தோழிகள் நீரில் குதித்தபோதும் இறங்கவில்லை. தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற சரக்குக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, இதுல எந்தக் கப்பலுக்கு மாமா பெயிண்ட் அடிச்சிருப்பாரு?"

சுந்தரேசன் எழுந்து கேக் பெட்டியைத் திறக்கப் போனார். கேக் வெட்டினார்கள். மகள் ஊட்டிய துண்டை லீலா வாங்கிக்கொண்டாள், கணவர் நீட்டியதை வாங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள்.

"எடம் இல்லன்னு சொல்லியிருந்தா நான் வராம இருந்திருப்பேன். என் எடத்துல அவன் போயிருப்பான். இது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அடுத்த ஞாயிறு அழகேசன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. லீலா அழைத்தால் ஓவர்டைம் என்றான், சுந்தரேசன் அழைத்தால் எடுக்கவில்லை. வீட்டில் மீன் குழம்பு வைப்பதே நின்றுவிட்டது. மூன்றாம் ஞாயிறு சுந்தரேசன் ஒருவரிடமும் சொல்லாமல் துவாஸுக்குப் பேருந்து ஏறினார்.

எட்டு வருடத்தில் அங்கே அவர் போவது அதுதான் முதல்முறை. விடுதி வாசலில் காவலர் தடுத்தார். முன்பதிவு இல்லாமல் வெளியாள் உள்ளே போகக்கூடாது. அது எழுதி ஒட்டியிருந்த விதி. வாசலுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் காத்திருப்பதாகச் செய்தி அனுப்பினார். அரை மணி நேரம் கழித்து அழகேசன் வந்தான். கைலி, பழைய பனியன், விரல் இடுக்குகளில் போகாத சாம்பல் நிறப் பெயிண்ட்.

"அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்கா. நான்தான்... மன்னிச்சுடு மாப்ள. அந்த ரூல்ஸ் பொய். என் மேனேஜரைக் கூப்பிடணும்னு உன் பேரை அடிச்சேன். உன்னை அவர் பக்கத்துல நிறுத்த எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் நெசம்."

அழகேசன் எதிரே உட்கார்ந்தான்.

"நீங்க அது சட்டம்னு சொன்னப்ப எனக்கு வலிக்கவே இல்ல அத்தான். சட்டத்துக்கு என்னைத் தெரியாது, எல்லாருக்கும் சேத்துப் போட்டது. நீங்க என்னைத் தெரிஞ்சவரு. என் கையால சாப்புட்டவரு. அதான் தாங்கல."

"வீட்டுக்கு வா மாப்ள."

"அக்காவுக்காக வருவேன். உங்களைப் பாக்குறதுக்கு எனக்கு நாளாவும்." பின்னால் இருந்த மேசையைக் கண்ணால் காட்டினான். அங்கே ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டீங்க. அவனுங்ககிட்ட யாரு கேக்குறது? என் ரூம்காரனுங்க. போன ஞாயித்துக்கெழமை தொண்டூழியர் குழுவுல இவங்களைச் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகுல கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. ஒரு மாசம் முன்னாடியே பேரு குடுத்திருந்தானுங்க. நீங்க சமையக்கட்டுல சொன்னீங்கள்ல, அன்னிக்கே வந்து நான் இவனுங்ககிட்ட சொன்னேன். வொர்க் பெர்மிட்டு படகுல ஏறக் கூடாது, அத்தான் விசாரிச்சுட்டாரு, அவரு இந்த ஊருக்காரருன்னு சொன்னேன். ஆறு பேரும் பயந்துக்கிட்டு பேரை அடிச்சுட்டானுங்க."

"படகுத்துறையிலதான் உனக்கு உண்மை தெரிஞ்சுபோச்சே?"

"தெரிஞ்சுச்சு. அதைச் சொன்னா, உங்க அத்தான் ஏன் அப்படிச் சொன்னாருன்னு கேப்பானுங்க. எங்கக்கா புருஷனைப் பத்தி நான் என்னன்னு சொல்லுவேன்? வாயை மூடிக்கிட்டேன். நீங்க சொன்ன பொய்யை என் வாயாலயும் காப்பாத்த வச்சுட்டீங்க."

ஒரு பெயரை அடித்ததாகத்தான் சுந்தரேசன் இத்தனை நாள் நினைத்திருந்தார். எழுந்து அந்த மேசைக்குப் போனார். ஆறு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். தன்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்களே என்று அவருக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"உக்காருங்கப்பா. நான் அழகேசனோட அத்தான். படகுல நீங்க ஏறக் கூடாதுன்னு ஒரு ரூல்ஸும் கெடையாது. அது நான் சொன்ன பொய்."

அவர்களில் சிறியவன் அருண்ராஜ், ஊரிலிருந்து வந்து இரண்டு வருடமானவன். விளங்காமல் கேட்டான்: "அப்பறம் ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

சுந்தரேசன் அழகேசனைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை நாக்கு வேறு எதையும் எடுக்கவில்லை.

"கூட உக்கார வெக்கப்பட்டேன் தம்பி. வெக்கம்னு சொல்ல வாய் வரல, சட்டம்னு சொல்லிட்டேன். சட்டத்துலயும் எடம் இருந்துச்சு, கடைசியில படகுலயும் எடம் இருந்துச்சு, என் மனசுலதான் இல்ல. ஒருத்தனை ஒதுக்கணும்னு நெனைக்கிறவன் என்னை மாதிரிதான் ரூல்ஸ் பின்னாடி ஒளிஞ்சுக்குவான். இனிமே யாராவது உங்களைப் பாத்து அனுமதி இல்லன்னு சொன்னா, எங்க எழுதியிருக்குன்னு கேளுங்க. நான் சொன்னாலும் கேளுங்க. அடுத்த தடவை தீவுக்கு நீங்க தைரியமாப் பேரு குடுங்க."

அருண்ராஜ் தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு அடுத்த தடவை இல்ல சார். பெர்மிட்டு முடியுது. புதன்கிழமை ஊருக்குப் போறேன்."